கவ்வாத்து வருஷத்து மலை

சிறுகதைப் போட்டியின் விதிகளில் ஏழாவது இப்படிச் சொல்கிறது: கதையில் வரும் இடம், காலம், சூழல் ஆகியவற்றின் நம்பகத்தன்மை குறித்து நடுவருக்கு ஐயம் எழுமிடத்து, புள்ளி குறைக்கப்படுமுன் எழுத்தாளரிடமிருந்து எழுத்துமூல விளக்கம் பெறப்படல் வேண்டும்.

விதி தெளிவாக இருக்கிறது. யார் எழுதியிருந்தாலும் நல்ல கைதான். வலயக் கல்விக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நல்ல விதியைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும். நல்ல விதியை எழுதியவர்கள் அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை என்பதையும் அதே நாற்காலியில் இருந்துதான் தெரிந்துகொண்டேன்.

போட்டி அறுபது வயது கடந்தவர்களுக்கானது. தெரிவாகும் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுவார்கள். கதை எழுதியது என் மனைவி. தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நாங்கள் கொட்டகலையில், ஸ்டேஷனுக்கு மேலே ஏறும் பாதையில் குடியிருக்கிறோம். அவள் கையால் எழுதினாள். நான் தட்டச்சு செய்தேன். விதி மூன்றின்படி பெயரை மறைத்துக் குறியீட்டு எண்ணிட்டு, விதி நான்கின்படி மூன்று பிரதிகள் அனுப்பினோம். எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் கிடையாது.

கதை திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுத்தாளில் நடுவரின் குறிப்பு.

"தேயிலை மலை வருடம் முழுவதும் பசுமையானது. அதனை மொட்டையாகவும் தவிட்டு நிறமாகவும் சித்திரிப்பது களப்பிழை. எழுத்தாளர் மலையகச் சூழலை நேரில் அறிந்தவராகத் தெரியவில்லை."

மனைவி அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நா எங்க பொறந்தேன்னு எனக்கே தெரியலையாங்க" என்றாள்.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றையறை வீடுகளில் கடைசிக் காம்பராவில் பிறந்தவள் அவள். அந்த லயம் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். அவளுடைய அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அந்தக் காலத்தில் அடையாள அட்டைக்கென்று எடுத்த ஒரேயொரு படமும் ஈரத்தில் ஒட்டிப்போய், உரித்தபோது முகம் எதிர்த்தாளோடு போய்விட்டது. அந்த அம்மாவைப் பற்றியதுதான் கதை. அது புத்தகத்தில் வந்தால் அம்மா நிற்பதற்கு ஓர் இடம் கிடைக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். அதை என்னிடம் சொல்லவில்லை. மூன்றாவது பிரதியில் ஒரு எழுத்து மங்கலாக விழுந்தபோது முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொன்னாள், அப்போது புரிந்தது.

கதை சிறியது. ஒரு சிறுமி பள்ளிக்கூடம் போகிறாள். லயத்திலிருந்து பாதை ஒரு தேயிலை மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஓடைப் பாலத்தைத் தாண்டி ரோட்டுக்கு ஏறும். அம்மா எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறாள். மற்ற வருஷங்களில் பிள்ளை செடிகளுக்குள் இறங்கியதும் மறைந்துவிடுவாள். ஆனால் அது பாதை போகும் மலைக்குக் கவ்வாத்து வெட்டிய வருஷம். செடிகளையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய கிளைகளைப் பெண்கள் விறகுக்குக் கட்டிக்கொண்டு போய், மலை சவரம் செய்த தலையைப்போல் கிடக்கிறது. வெள்ளைச் சட்டை பாலம் வரைக்கும் தெரிகிறது. அம்மா அது பாலம் தாண்டும்வரை கூடையோடு நிமிர்ந்து நிற்கிறாள். கங்காணி சத்தம் போடுகிறார். பிள்ளை பாலத்தில் திரும்பிப் பார்க்கிறாள். எதிர்மலையில் எல்லோரும் ஒரே மாதிரி தலையில் துணி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு. எல்லோரும் குனிந்திருக்க, நிமிர்ந்திருக்கும் ஓர் ஆள்தான் அம்மா. பிள்ளை கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறாள். அடுத்த வருஷம் செடி வளர்ந்துவிடுகிறது. அந்த நேரம் வந்தால் அம்மா நிமிர்வது மட்டும் நிற்கவில்லை.

அவ்வளவுதான். இதில் மலை மொட்டையாக இல்லாவிட்டால் கதையே இல்லை. நடுவர் பிழை என்று சுட்டியது கதையின் முதுகெலும்பை.

கதைக்களம் என்றால் என்ன என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது மூன்று சொல்: இடம், காலம், சூழல். மூன்றையும் எழுதினால் புள்ளி. பின்னாளில் கந்தோர் வழியே எத்தனையோ புள்ளித்திட்டங்கள் போயின. எல்லாவற்றிலும் அதே மூன்று சொல். நானும் களத்தை விண்ணப்பத்தில் முகவரி எழுதும் கட்டம் போலத்தான் நினைத்திருந்தேன். நிரப்ப வேண்டும்; நிரப்பிய பின் யாரும் பார்ப்பதில்லை.

ஓய்வுக்குப் பிறகு நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்கள் எடுத்து வந்து, மாலையில் நான் வாசிக்க அவள் கேட்பாள். அவள் கேட்கும் கேள்விகள் எந்தப் புள்ளித்திட்டத்திலும் இருந்தவை அல்ல.

"இந்த வூட்டுக்குப் பீலி எந்தப் பக்கம்?" என்பாள். பீலி என்பது தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் இடம்.

"கொழும்பு ஃப்ளாட்டில ஏது பீலி?"

"சரி, பைப்புதான் எங்க? அந்தப் பொம்பள அழுவுறது பக்கத்து வூட்டுக்குக் கேக்குமா கேக்காதா? அத எழுதலையே. கேக்கும்னா ஒரு மாதிரி அழுவா, கேக்காதுன்னா வேற மாதிரி அழுவா."

இன்னொரு நாள், பெரிய பங்களா வரும் கதையொன்றில் நான் இரண்டு பக்க வர்ணனையை ரசித்து வாசித்தேன். தூண், படிக்கட்டு, ரோஜாப் பாத்தி, எல்லாம் இருந்தது. முடித்ததும் அவள் கேட்டாள்:

"வாசல்ல நின்னா யாரு தெரிவாங்க?"

இரண்டு பக்கத்தையும் திரும்பப் புரட்டினேன். எழுதியவர் அதைச் சொல்லவேயில்லை. தூண் எத்தனை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்று தெரிந்திருக்கவில்லை.

அவளுக்குக் களம் என்றால் அதுதான். எங்கிருந்து யார் தெரிவார், யார் மறைவார், யாருடைய குரல் எதுவரை போகும். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பாடமில்லை, பிழைப்பு. ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். லயத்தின் தொங்கல் முனையில் கங்காணி வீடு. மேலே பங்களாவில் துரை. நான் கொட்டகலை பஜாரில், கடைக்குப் பின்னால் வளர்ந்தவன். எங்களுக்குக் கதவு இருந்தது, சாத்தினால் சாத்தியதுதான்.

ஆகவே மேன்முறையீடு எழுத உட்கார்ந்தபோது எனக்கு வழி நேராகத் தெரிந்தது. விதி ஏழு மீறப்பட்டிருக்கிறது. விளக்கம் கோரப்படவில்லை. எனவே குறைத்த புள்ளி செல்லாது. மலை பச்சையா தவிட்டு நிறமா என்ற பேச்சுக்கே போகத் தேவையில்லை. ஒரு பக்கத்தில், எண்ணிட்ட பந்திகளாக, யாரும் அசைக்க முடியாதபடி எழுதினேன். பழைய கை இன்னும் விட்டுப்போகவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதுல அம்மா எங்க?" என்றாள்.

"அம்மா தேவையில்ல. விதியே போதும். கட்டாயம் வெல்லும்."

"ஜெயிச்சா? அந்த ஆளு அப்பவும் மல பச்சைன்னுதான நெனச்சிக்கிட்டு இருப்பாரு?"

"அவர் என்ன நினைச்சா உனக்கென்ன? புத்தகத்தில வரும்."

"பொய்யின்னு நெனச்சிக்கிட்டே போடுவாங்க. சட்டத்துக்குப் பயந்து போட்ட கதன்னு எங்கம்மா அதுல நிக்கணுமா? வேணாங்க."

பேனாவை மூடிவிட்டாள். அவள் பாதி எழுதி வைத்திருந்த இன்னொரு கதையும் அலமாரிக்குள் போனது. வீட்டில் பேச்சு குறைந்தது. மாலை வாசிப்பும் நின்றது. நான் தனியே வாசித்துப் பார்த்தேன். பீலி எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லாத வீட்டில் கதை வாசிப்பது கந்தோர்க் கோப்பில் பழைய சுற்றறிக்கை தேடுவது போல இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னிணைப்பு என்ற யோசனை வந்தது. விதி மட்டும் போதாது என்றால் சான்று சேர்ப்போம். அந்த மலைக்கே போய், கவ்வாத்து வெட்டிய மலையைப் படம் எடுத்து, 'பின்னிணைப்பு அ' என்று வைப்போம். அவளும் தலையாட்டினாள். நீண்ட நாளாயிற்று அந்தப் பக்கம் போய்.

பஸ்ஸில் போய், தோட்டத்து ரோட்டில் இறங்கி நடந்தோம். மழை இல்லை, மூட்டமும் இல்லை. எதிர்மலையில் ஏறி, ஒரு பெரிய கல்லின் பக்கத்தில் அவள் நின்றாள். "இங்கதான் அம்மா நெரை" என்றாள். கொழுந்தெடுப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசை அது. நான் கைபேசியை எடுத்துப் பாதை இருந்த மலைப் பக்கம் திருப்பினேன்.

அந்தப் பக்கம் முழுவதும் பச்சை.

வெறும் பச்சை அல்ல, காடு. தேயிலைச் செடிகள் மரங்களாகி நின்றன. பாதை இருந்த இடத்தில் ஒரு நிழற்கோடு மட்டும் தெரிந்தது. நடுவர் இந்த இடத்தில் நின்றிருந்தால் தம் குறிப்பில் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டார். பஸ் காசு கொடுத்து, மலையேறி வந்து, எதிர்த்தரப்புக்கான முதல்தரச் சான்றை நானே சேகரிக்கிறேன் என்று புரிந்தது. சேவைக்காலம் முழுக்க இப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

கீழ் நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து மேலே வந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"டீச்சர்! நீங்களா? என்னைய தெரியுதா? ரெண்டாம் வகுப்புல என்னைய பெஞ்சு மேல ஏத்தி வுட்டீங்களே!"

"நீ பண்ணுன சேட்டைக்குக் கூரை மேலதான் ஏத்தியிருக்கணும்" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். பல நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

"இந்த மலைக்குக் கவ்வாத்து எப்ப?" என்று நான் கேட்டேன், அடுத்த வருஷம் என்றால் காத்திருக்கலாம் என்ற எண்ணத்தில்.

"கவ்வாத்தா? ஆளு எங்கங்க ஐயா இருக்கு? எல்லாம் கொழும்புக்குப் போயிருச்சுங்க. அந்த மலைய வுட்டு எவ்வளவோ காலமாச்சி. இனிமே யாரும் அத வெட்டப் போறதில்ல. புலி வேற இருக்குன்றாங்க." சிறுத்தையைத்தான் இங்கே புலி என்பார்கள்.

மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடையைக் கையில் எடுத்தாள்.

"நா அந்தப் பாதையில போறேன். நீங்க இங்கயே நில்லுங்க."

"அதுக்குள்ளயா? புலி இருக்குன்னாங்களே."

"பொறந்த ஊர்ல என்னைய எதுவும் செய்யாது."

"டீச்சர் போனா புலிதாங்க ஐயா ஓடிரும்" என்றாள் அந்தப் பெண். "பெஞ்சு மேல ஏத்திப்புடுவாங்கன்னு."

மனைவி ஓடைப் பக்கமாக இறங்கி, பழைய லயம் இருந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். மேட்டில் ஒரு நிமிஷம் தெரிந்தாள். என்னைப் பார்த்துக் குடையை ஆட்டினாள். பிறகு பாதைக்குள் இறங்கினாள். அவ்வளவுதான். தண்ணீருக்குள் இறங்கியவளைப் போல மறைந்துவிட்டாள்.

"தெரியுதா?" குரல் வந்தது.

"தெரியல!"

கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கீழேயிருந்து: "இப்ப?"

"தெரியல!"

பிறகு குரலும் இல்லை. நான் அந்த நிழற்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இலை அசைகிறது, அது காற்றா ஆளா என்று பார்த்தேன். கைபேசி கையில் இருப்பதே மறந்துபோயிற்று. பாதை எங்கே முடியும், பாலம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எந்தக் கணக்கும் நிற்கவில்லை.

"என்னங்க ஐயா, எக்கி எக்கிப் பாக்குறீங்க?" என்றாள் அந்தப் பெண், கூடையைச் சரிசெய்துகொண்டே. "டீச்சர் என்ன தொலைஞ்சா போயிருவாங்க?"

அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். கல்லின் பக்கத்தில் குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தேன்.

பாலத்தில் கறுப்புக் குடை ஒன்று வெளியே வந்தபோது கையைத் தூக்கினேன். அவள் அங்கிருந்து இந்த மலையைப் பார்த்தாள்; நிரையில் இருந்த பெண்கள் எல்லோரும் குனிந்திருந்தார்கள். அவளும் குடையைத் தூக்கினாள். அதை நான் படம் எடுக்கவில்லை. அதற்கு முன், குரல் மட்டும் வந்துகொண்டிருந்த நேரத்தில், விரல் பட்டுத் தற்செயலாக ஒரு படம் விழுந்திருந்தது. பச்சை மலை; வேறொன்றுமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் படத்தை அவளிடம் காட்டினேன்.

"இதுல நா எங்க இருக்கேன்?"

"நடுவில, ஒரு பாதி தூரத்தில."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இததான் அனுப்பணும்" என்றாள்.

அன்று இரவே மேன்முறையீட்டைத் திருப்பி எழுதினேன். முதற்பந்தி விதி ஏழு. அதை விட எனக்கு மனமில்லை. மீதி, கவ்வாத்து பற்றியது. தேயிலை தானாக வளரவிட்டால் மரமாகிவிடும். அதனால் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி இறக்குவார்கள். ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு வருஷம் முறை வரும். வெட்டிய மலை மறுபடி துளிர்க்கும்வரை மொட்டையாகவே இருக்கும். ஆகவே தோட்டத்தில் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் களம் ஆகாது. எந்த வருஷத்து மலை என்றும் சொல்ல வேண்டும். ஒரே கல்லில் நின்றாலும் ஒரு வருஷம் பிள்ளை தெரிவாள், மறு வருஷம் தெரிய மாட்டாள். இவ்வளவையும் என் மொழியில் எழுதினேன். கடைசிப் பந்தியை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:

"பின்னிணைப்பு அ: கதை நிகழும் மலையின் தற்போதைய படம். நடுவர் அவர்கள் கூறியபடியே பசுமையாக உள்ளது. இப்படத்தில் இக்கதையின் ஆசிரியர் பாதையில் நடந்து செல்கிறார். அவர் தெரியவில்லை. கதையில் தெரிகிறார். தயவுசெய்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவும்."

இப்படியொரு பின்னிணைப்பை என் கீழே வேலை செய்த லிகிதர் யாராவது கொண்டு வந்திருந்தால் மேசைக்கு அப்பால் தள்ளியிருப்பேன். ஆள் இல்லாததைக் காட்ட ஒரு படம்! கையெழுத்து அவள் போட்டாள். பதிவுத்தபாலில் அனுப்பினேன்.

பிறகு காத்திருப்பு. அதிலும் எனக்கு அனுபவம் உண்டு. முதலில் கடிதம் கிடைத்ததற்கான அட்டை வரும், வந்தது. அடுத்து 'தங்கள் கடிதம் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது' என்று வரும், வந்தது. அதற்குப் பொருள், ஒருவர் மேசையிலிருந்து இன்னொருவர் மேசைக்குப் போயிருக்கிறது என்பது. முதலாம் நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. தொலைபேசி எடுத்தேன். "மஹத்தயா நிவாடு" என்றார்கள். ஐயா லீவில் இருக்கிறாராம். இரண்டாம் நினைவூட்டலுக்குப் பிறகு எடுத்தபோதும் மஹத்தயா நிவாடுதான். அவ்வளவு லீவு எடுக்க எந்த விதியில் இடமிருக்கிறது என்று கேட்கலாமா என்று யோசித்தேன். மனைவி, "வுடுங்க, அவரும் எங்கயாச்சும் எக்கிப் பாத்துக்கிட்டு நிப்பாரு" என்றாள்.

புத்தகம் அச்சுக்குப் போகப் போகிறது என்று பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. அதை மடித்து அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்து, வாசித்து, அதே மடிப்போடு வைத்துவிட்டாள்.

மாலை வாசிப்பு மட்டும் திரும்ப ஆரம்பித்தது. இப்போது நானும் கேட்கிறேன், வாசலில் நின்றால் யார் தெரிவார் என்று. கடலோர ஊர்க் கதையொன்றில் ஒரு கிழவர் படகுக்காகக் காத்திருந்தார். கடலை எவ்வளவோ அழகாக எழுதியிருந்தார்கள். "அவருக்குக் கண்ணு தெரியுமா?" என்று கேட்டேன். மனைவி புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பரவால்லையே, பிரதம லிகிதர் தேறிட்டாரு" என்றாள்.

கடைசியில் தபால்காரர் ஒரு நீள உறை கொண்டு வந்தார். உள்ளே இரண்டு தாள். முதலாவது அச்சடித்த படிவம்; 'மேன்முறையீடு ஏற்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம், கதை தொகுப்பில் சேர்க்கப்படும் என்று ஒரு வரி. இரண்டாவது ஒரு அரைத்தாள், கையெழுத்து. பெயர் இல்லை, விதிப்படி இருக்கவும் கூடாது.

"படத்தில் உங்களைத் தேடினேன். பூதக்கண்ணாடி வைத்தும் தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு கதையை மறுபடி வாசித்தேன். பாலத்தில் கண்டேன். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்."

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள்.

"நல்லாத்தான் தேடியிருக்காரு" என்றாள். அலமாரியைத் திறந்து பாதிக் கதையை எடுத்தாள். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் பார்த்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டாள்.

நான் பழக்கத்தை விட முடியாமல் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தேன். திகதி தைப்பொங்கலுக்கு முந்திய வாரம். எங்கள் வாசலுக்கு வந்தது சித்திரை வருஷப் பிறப்புக்கு முதல் நாள்.